பழைய லேத்தைச் சீரமைத்தல்: முதல் அளவிலிருந்து முதல் கடைசல் வரை

பழைய லேத் (உலோகத்தைச் சுழலவிட்டு டூல் எனப்படும் வெட்டும் உளியால் கடையும் இயந்திரம்) ஒன்று வீட்டுப் பட்டறையில் வந்து இறங்கியதும் கை தானாகவே ஸ்பேனரையும் கம்பி பிரஷையும் தேடும். முதல் இரண்டு நாள்களுக்கு இரண்டையும் தொடாமல் இருப்பது நல்லது. இயந்திரத்தைக் கழற்றிவிட்டால், அது வந்த நிலையில் எங்கே ஆடியது, எங்கே இறுகியது, எவ்வளவு விலகியது என்பதை மறுபடியும் அறிய வழியில்லை. அந்த விவரம் கையில் இல்லாமல் செய்யும் சீரமைப்பு பெரும்பாலும் பெயின்ட் அடிப்பதோடு நின்றுவிடும். லேத்தின் மதிப்பு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை நம்பிக் கடைய முடிகிறதா என்பதில்தான் இருக்கிறது. ஆகவே டயல் கேஜ் (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் அளவி), அதை நிறுத்தும் காந்தத் தாங்கி, மைக்ரோமீட்டர் (தடிமனை நுட்பமாக அளக்கும் கருவி), ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை முதலில் எடுத்து வையுங்கள்.

இறக்கும்போதே ஓர் எச்சரிக்கை வேண்டும். லேத்தின் எடையில் பெரும்பகுதி மேற்புறத்திலும் ஹெட்ஸ்டாக் (கடையும் பொருளைச் சுழற்றும் தலைப்பகுதி) பக்கத்திலும் இருப்பதால் அது எளிதில் கவிழக்கூடியது. கேரேஜையும் (டூலைத் தாங்கி நகரும் பகுதி) டெயில்ஸ்டாக்கையும் (தண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) மறுமுனைக்குத் தள்ளிப் பூட்டிவிட்டு, இவை நகரும் தடங்கள் உள்ள நீண்ட அடித்தளமான பெட்டைச் சுற்றிப் பட்டைக் கயிறு போட்டுத் தூக்க வேண்டும். கயிறு லீட் ஸ்க்ரூவின் (மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் நீண்ட திருகு) மேல் அழுந்தினால் அது வளைந்துவிடும்.

அளவெடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும் முதலில் சுத்தம் செய்யுங்கள். மண்ணெண்ணெயும் பழைய பெயின்ட் பிரஷும் போதும். காற்றழுத்தக் குழாயால் ஊதக் கூடாது; இரும்புச் சீவலும் தூளும் பறந்து போவதைவிட பியரிங்குக்குள்ளும் சேடிலுக்கு (கேரேஜில் தடங்களின் மேல் அமரும் பகுதி) அடியிலும் நுழைவதே அதிகம். பிறகு கண்ணில் படும் எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் எண்ணெய் விட்டு, ஹெட்ஸ்டாக்கில் சுழலும் முதன்மைத் தண்டான ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

ஸ்பிண்டிலும் பெட்டும்

கடையும் பொருளைத் தாடைகளால் கவ்வும் சக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டில் மூக்கின் உட்புறக் கூம்பைத் துடைத்து, டயல் கேஜின் முனையை அங்கே தொட வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முள் 0.01 மில்லிமீட்டருக்குள் நின்றால் ஸ்பிண்டில் நல்ல நிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம். சக்கில் ஒரு தண்டைப் பிடித்து அளந்துவிட்டு “ஸ்பிண்டில் அவுட் அடிக்கிறது” (மையம் விலகிச் சுழல்கிறது) என்று முடிவு கட்டுவது பொதுவான தவறு. பழைய மூன்று தாடை சக் ஒன்றில் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை அவுட் இருப்பது வழக்கமே, அது சக்கின் குறை.

அடுத்து ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். டயல் கேஜை ஸ்பிண்டிலின் மேற்புறத்தில் வைத்து, ஸ்பிண்டில் மூக்குக்கு அடியில் ஒரு மரக்கட்டையை நெம்புகோலாகக் கொடுத்து மேலே தூக்கினால் முள் எவ்வளவு நகர்கிறதோ அதுவே பியரிங்கின் இடைவெளி. வெண்கலம் அல்லது வெள்ளை உலோகத்தாலான சாதாரண பியரிங் என்றால் எண்ணெய்ப் படலத்துக்குச் சிறிது இடம் தேவை, 0.03 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் அதைத் தொட வேண்டாம். கூம்பு ரோலர் பியரிங்காக இருந்தால் ஆட்டமே இருக்கக் கூடாது. பின்புற நட்டைச் சிறிது சிறிதாக இறுக்கி மறுபடியும் அளக்க வேண்டும். சாதாரண பியரிங்கின் மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டிருந்தால், எந்தத் தகடு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் ஒன்றையும் எடுக்காதீர்கள்.

பெட்டின் தேய்மானத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. பெரும்பாலான வேலை சக்குக்கு அருகிலேயே நடப்பதால் ஹெட்ஸ்டாக் பக்கத்துத் தடங்களே அதிகம் தேய்ந்திருக்கும். கேரேஜை அங்கே நிறுத்தி ஜிப் திருகுகளை (இடைவெளியை அடைக்கும் பட்டையை அழுத்தும் திருகுகள்) ஆட்டம் இல்லாதவாறு சரிசெய்யுங்கள். பிறகு கேரேஜை மறுகோடிக்கு நகர்த்துங்கள். வழியில் எங்கே இறுகிப் பிடிக்கிறதோ அங்கிருந்து தேயாத பகுதி தொடங்குகிறது. எண்ணாகவே தெரிய வேண்டுமென்றால், பல லேத்துகளில் டெயில்ஸ்டாக்குக்கென்று தனித் தடம் இருக்கும். அது ஹெட்ஸ்டாக் பக்கம் அதிகம் தேய்வதில்லை. கேரேஜில் பொருத்திய டயல் கேஜ் அந்தத் தடத்தைத் தொடுமாறு வைத்து, கேரேஜைக் கோடிக்குக் கோடி நகர்த்தி, 50 மில்லிமீட்டருக்கு ஒரு முறை முள்ளின் அளவைக் குறித்துக்கொண்டால் தேய்மானத்தின் வரைபடமே கிடைத்துவிடும்.

இந்த எண்களைக் கண்டு உடனே மனம் தளர வேண்டியதில்லை. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டைக் கடையும்போது டூலின் முனை 0.1 மில்லிமீட்டர் கீழே இறங்கினால், விட்டத்தில் ஏற்படும் மாற்றம் 0.001 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதே 0.1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால் விட்டம் 0.2 மில்லிமீட்டர் மாறிவிடும். எனவே உண்மையான கெடுதல் தடம் தாழ்வதால் நேர்வதைவிட, முன் தடம் பின் தடத்தைவிட அதிகம் தேய்ந்து சேடில் நம் பக்கம் சாய்வதால் நேர்கிறது. தடங்களுக்கு இடையிலான அகலமும் டூலின் உயரமும் ஏறக்குறைய சமமாக உள்ள லேத்தில், முன்தடம் 0.05 மில்லிமீட்டர் அதிகமாகத் தேய்ந்திருந்தால் டூலும் அதே அளவு விலகி, விட்டம் 0.1 மில்லிமீட்டர் கூடும். குட்டையான பாகங்களை மட்டும் கடைபவருக்கு இதுவும் பெரிதாகத் தெரியாது, ஏனெனில் தேய்மானம் அந்தச் சிறிய நீளத்துக்குள் அதிகம் மாறுவதில்லை.

பெட்டை வீட்டிலேயே ஸ்கிரேப்பரால் சுரண்டிச் சமன்படுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில், முதல் லேத்தில் வேண்டாம் என்பதே. பிரஷ்யன் நீலம் (தொடும் இடங்களைக் காட்டும் நீலச் சாயம்) தடவி, உயர்ந்த புள்ளிகளைச் சுரண்டி, 25 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் பத்துக்கு மேற்பட்ட தொடுபுள்ளிகள் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யும் வேலை அது. பெட்டின் நீளத்துக்கு ஈடான நேர்விளிம்புக் கட்டையும் பல மாதப் பழக்கமும் இல்லாமல் இறங்கினால் இருந்த நேர்த்தியும் போய்விடும். கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்துவது), காம்பவுண்ட் ஸ்லைடு (அதன் மேலுள்ள, கோணத்தில் திருப்பக்கூடிய சிறு ஸ்லைடு) போன்ற சிறிய பரப்புகளில் பழகிவிட்டுப் பிறகு யோசிக்கலாம்.

கழற்றுதல்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படமும் கழற்றிய பின் ஒரு படமும் எடுத்துவைக்க வேண்டும். ஏப்ரனின் (கேரேஜின் முன்புறம் தொங்கும் கியர் பகுதி) திருகுகள் ஏப்ரன் டப்பாவிலும், ஹெட்ஸ்டாக்கின் திருகுகள் ஹெட்ஸ்டாக் டப்பாவிலும் இருக்கட்டும். வாஷர்களைக் கம்பியில் கோத்த வரிசையிலேயே வைப்பது பின்னால் பெரும் நிம்மதி தரும்.

கியர்களையும் கைப்பிடிகளையும் தண்டோடு பிணைக்கும் பின்கள் பெரும்பாலும் கூம்பு வடிவில் இருக்கும். சிறிய முனையிலிருந்து தட்டினால்தான் அவை வெளிவரும். பெரிய முனையில் அடிக்கும் ஒவ்வோர் அடியும் அவற்றை மேலும் இறுக்கும். இரு முனைகளையும் சுத்தம் செய்து மைக்ரோமீட்டரால் அளந்து திசையை உறுதிசெய்த பிறகே சுத்தியலை எடுங்கள். கிராஸ் ஸ்லைடின் திருகு வழக்கமாக இடது மரையாக (எதிர்த்திசையில் சுற்றும் திருகுப் புரி) இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வார்ப்பிரும்பு வளையாமல் உடையும் இயல்புடையது. எனவே நேரடியாக அடிக்காமல் பித்தளைத் தண்டை இடையில் வைத்துத் தட்டுங்கள்.

ஸ்பிண்டிலில் மரையால் ஏற்றப்பட்ட சக் பல ஆண்டுகளாக அசையாமல் இறுகிப்போயிருக்கும். பேக் கியரை (ஸ்பிண்டிலின் வேகத்தைக் குறைக்கும் கியர் தொகுதி) போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டு சக்கை நெம்புவது ஏறக்குறைய எல்லோருக்கும் தோன்றும் யோசனை. பேக் கியரின் பல் உடைந்துபோன லேத்துகளில் பல இப்படித்தான் உடைந்தன. அதற்குப் பதிலாக, ஊடுருவும் எண்ணெயை மரையில் விட்டு ஓரிரு நாள் ஊற வையுங்கள்; பின்னர் பெல்ட் கப்பியைப் பட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, சக்கின் தாடைகளில் தடித்த இரும்புப் பட்டையைக் கவ்வவிட்டு, அதன் முனையில் ஒரு சுருக்கமான அடி கொடுங்கள். அசையவில்லை என்றால் சக்கின் பின்தகட்டை மட்டும் சற்றுச் சூடாக்கிவிட்டு மறுபடியும் முயலலாம்.

பெல்ட் ஒட்டற்ற ஒரே வளையமாக இருந்து, அதை மாற்ற ஸ்பிண்டிலையே உருவ வேண்டியிருந்தால், கண்ணிகளாகக் கோக்கும் பெல்ட்டை வாங்கிப் போடுங்கள். நன்றாக ஓடும் பியரிங்கைப் பெல்ட்டுக்காகக் கலைப்பது வீண்.

துருவும் பெயின்ட்டும்

தடங்களின் மேலுள்ள மெல்லிய துருவை, எண்ணெய் விட்டு, சவர பிளேடைப் படுக்கையாகப் பிடித்துச் சுரண்டினால் அடியிலுள்ள உலோகம் தேயாமல் துரு மட்டும் உதிர்ந்துவிடும். எமரி பேப்பரும் கம்பி பிரஷ் பொருத்திய கிரைண்டரும் அந்தப் பரப்புகளுக்கு ஆகாதவை; உதிரும் மணல் துகள் வார்ப்பிரும்பில் பதிந்து, பின்னர் சேடிலை ஓட்டும்போதெல்லாம் அரைத்துக்கொண்டே இருக்கும். வினிகரில் ஊறப்போடுவதும் துருவோடு நல்ல உலோகத்தையும் அரித்து, பரப்பைக் கறுத்துச் சொரசொரப்பாக்கும்.

கைப்பிடி, மூடி போன்ற துரு மண்டிய இரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பு முறை சிறந்தது. பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவை சோடாவைக் கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைப் பாகத்திலும், நேர்முனையை வேண்டாத இரும்புத் தகட்டிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு மூழ்கவிட வேண்டும். முனைகளை மாற்றிக் கொடுத்தால் பாகம்தான் கரையும். நேர்முனையில் எவர்சில்வர் தகட்டை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்ய வேண்டும். அலுமினியப் பாகங்களையும் துத்தநாக வார்ப்புகளையும் இந்தக் கரைசல் அரிக்கும். கடினப்படுத்திய ஸ்பிரிங்குகள் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கக்கூடும். அவற்றை விலக்கி வையுங்கள்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் கிளப்பாமல், பெயின்ட் ரிமூவர் தடவி ஈரமாகவே வழித்தெடுங்கள். புதிய பெயின்ட் எண்ணெயைத் தாங்கும் எனாமலாக இருந்தால் போதும். நிறம் உங்கள் விருப்பம்.

தேய்ந்தவற்றை மாற்றுதல்

கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியை எதிர்த்திசையில் திருப்பும்போது கால் சுற்று வெறுமனே சுற்றினால், முதலில் கைப்பிடியின் பின்னாலுள்ள நட்டும் வாஷரும் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். பாதிக் குற்றம் அங்கேதான் இருக்கும். மீதி, வெண்கல நட்டின் தேய்மானம். நட்டை மாற்றுவது எளிது. திருகும் நடுவில் மெலிந்திருந்தால் புது நட்டு மட்டும் போட்டுப் பயனில்லை. சிறிதளவு வெற்றுச் சுழற்சி இருந்தாலும் எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்து நிற்கும் பழக்கம் உள்ளவரின் வேலை கெடாது.

மரை வெட்டுவதற்கான மாற்றுக் கியர்களை எண்ணிப் பாருங்கள். லீட் ஸ்க்ரூ அங்குல மரையாக இருந்து, மில்லிமீட்டர் மரையும் வெட்ட வேண்டுமென்றால் 127 பல் கியர் ஒன்று தேவை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை ஐந்தால் பெருக்கினால் 127 என்ற முழு எண் கிடைக்கிறது, அதைவிடச் சிறிய முழு எண் கிடைப்பதில்லை. பெட்டியின் அடியில் இந்தக் கியர் கிடந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பூட்டுதலும் மின்சாரமும்

தடங்களுக்கு ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 68 தரத்துத் தட எண்ணெயும், ஸ்பிண்டிலுக்கு அதைவிட மெல்லிய எண்ணெயும் பொருந்தும். இயந்திரத்தின் கையேடு கிடைத்தால் அது சொல்வதே முடிவு. எண்ணெய்த் துளையில் கிரீஸ் திணிக்கக் கூடாது. முன்பு யாராவது திணித்திருந்தால் அது காய்ந்து கட்டியாகி வழியை அடைத்திருக்கும், கம்பியால் குத்தி எடுத்து மண்ணெண்ணெயால் கழுவுங்கள். சேடிலின் ஓரத்திலுள்ள ஃபெல்ட் துடைப்பான்களைத் தயங்காமல் புதிதாக மாற்றுங்கள்.

பழைய வயரிங்கை முழுவதுமாக எடுத்துவிட்டு, எர்த் இணைப்போடு புதிதாகச் செய்வதே பாதுகாப்பு. இதில் பழக்கமில்லாதவர் எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிட வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது லேத் தானாக ஓடத் தொடங்காதவாறு பார்த்துக்கொள்ளும் ஸ்விட்ச் கட்டாயம் தேவை. மூன்று பேஸ் மோட்டாரை வீட்டின் ஒற்றை பேஸில் ஓட்ட வி.எஃப்.டி. (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும்) கருவி உதவும், மோட்டாரின் தகட்டில் 230/400 வோல்ட் என்றிருந்தால் அதை டெல்டா முறையில் (மூன்று சுருள்களையும் முக்கோணமாக) இணைக்க வேண்டும். கருவிக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஸ்விட்ச் வைத்து ஓட்டத்திலேயே துண்டித்தால் கருவி பழுதாகும். வேகத்தை வெகுவாகக் குறைத்து நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றி மோட்டார் சூடேறும். பேக் கியர் இருப்பது அந்த வேலைக்குத்தான். மரையால் ஏற்றிய சக்கைத் தலைகீழ்த் திசையில் ஓட்டினால் அது கழன்று விழலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெட்டின் முறுக்கை எடுத்தல்

லேத் தரையோடு துல்லியமாக மட்டமாக இருக்க வேண்டும் என்பதைவிட, பெட் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் காட்டும் துல்லிய மட்டப்பலகையைப் பெட்டின் குறுக்கே இரு கோடிகளிலும் வைத்துப் பார்த்து, இரண்டிலும் குமிழி ஒரே இடத்தில் நிற்கும்வரை கால் திருகுகளைச் சரிசெய்யுங்கள்.

இறுதித் தீர்ப்பைக் கடைசல்தான் சொல்லும். 30 முதல் 40 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்டைச் சக்கில் மட்டும் பிடித்து, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல், 150 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு வளையங்கள் மட்டும் நிற்குமாறு நடுவே குறைத்துவிடுங்கள். கூரான டூலால் 0.05 மில்லிமீட்டர் ஆழத்தில், ஒரே ஓட்டத்தில் இரண்டையும் கடைந்து மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். டெயில்ஸ்டாக் பக்கத்து வளையம் பெரிதாக இருந்தால் அந்தக் கோடியின் முன்காலைச் சிறிது உயர்த்துங்கள். டூல் மையத்தை நோக்கிச் சாயும். சிறிதாக இருந்தால் அதே காலைத் தாழ்த்துங்கள். இரண்டு வளையங்களும் 0.01 மில்லிமீட்டருக்குள் ஒத்துவரும்வரை இதைத் திரும்பச் செய்த பிறகே டெயில்ஸ்டாக்கின் பக்கத் திருகுகளுக்குப் போக வேண்டும்; முறுக்கோடு இருக்கும் பெட்டில் டெயில்ஸ்டாக்கைச் சரிசெய்தால் ஒரு பிழையை இன்னொரு பிழையால் மறைத்ததாகவே முடியும்.

புதிதாகப் பூட்டிய கால்களும் அடியிலுள்ள தரையும் சில வாரங்களில் சற்று அமரும். அப்போது இதே சோதனைத் தண்டை மறுபடியும் பிடித்து ஒரு மெல்லிய கடைசல் எடுத்து, முதல் நாள் நோட்டில் குறித்த எண்களுக்குப் பக்கத்திலேயே புதிய எண்களையும் எழுதி வையுங்கள்.