புது கேசட் வாங்கும் முன்: மலிவு சைக்கிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை மருதமலை அடிவாரத்தில் நின்றால், புதிதாக சைக்கிள் மிதிக்க வந்தவர்களின் பேச்செல்லாம் உதிரிபாகம் பற்றித்தான் இருக்கும். உடம்பு இளைக்கும் முன்பே பை இளைத்துவிடுகிறது. அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகள். காற்று பார்க்காதது, எண்ணெய் விடாதது பற்றி யாரும் சொல்லிவிடுவார்கள்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒன்பது கியர் ஆசை

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ஏற்றத்தில் கால் கடுக்கிறது என்று 11–36 பற்கள் கொண்ட ஒன்பது கியர் கேசட்டை (பின்சக்கரத்தில் மாட்டும் பற்சக்கரக் கட்டு) இணையத்தில் வாங்கிவிட்டார். வண்டியோ முன்னால் மூன்று, பின்னால் ஏழு என 21 கியர் கொண்ட சாதாரண வண்டி. அதன் ஹப்பில், அதாவது பின்சக்கரத்தின் நடுக்குடத்தில், ஃப்ரீவீல் என்ற வேறு வகைப் பற்சக்கரக் கட்டை மரையில் திருகி ஏற்றியிருப்பார்கள். கேசட் அதில் உட்காராது. அதற்காகப் பின்சக்கரத்தையே மாற்றினார். செயினைப் பல் மாற்றிவிடும் பழைய டீரெய்லர் 36 பல்லுக்கு எட்டவில்லை. ஒன்பதுக்கு ஒல்லியான செயின் வேண்டும். கைப்பிடியில் கியர் மாற்றும் ஷிஃப்டரும் ஏழோடு நின்றுவிடுமே, அதுவும் புதிது. வண்டி விலையில் பாதி போயிற்று. கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாரே தவிர, எதற்கு என்று கேட்கவில்லை.

"இப்போதும் மூச்சு வாங்குகிறதே அண்ணா" என்று வண்டியைக் கொண்டுவந்தார். முன் ஷிஃப்டர் கேபிள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. முன்னால் 48, 38, 28 பற்கள். எல்லா ஏற்றத்தையும் நடுச் சக்கரத்திலேயே மிதித்திருக்கிறார். 38-ஐ 36-ஆல் வகுத்தால் 1.06; ஒரு மிதிக்குப் பின்சக்கரம் அத்தனை சுற்று. இது குறையக் குறைய ஏற்றம் எளிது. பழைய ஃப்ரீவீலின் பெரிய சக்கரத்துக்கு 28 பல். முன்னால் சின்னதில் போட்டிருந்தால் 28-க்கு 28, ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஒரே சுற்று. இத்தனை செலவுக்குப் பிறகும், வாங்கிய அன்றே வண்டியில் இருந்த கியரைவிடக் கடினமானதில்தான் மிதிக்கிறார்! ஒரு கேபிள் மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும்.

அப்படியும் போதாதென்றால் ஏழு கியரிலேயே 14–34 ஃப்ரீவீல் கிடைக்கிறது. டீரெய்லர் 34 பல்லுக்கு இடம் கொடுக்குமா, செயின் நீளம் போதுமா என்று பார்த்து வாங்கலாம்.

ஹப் எந்த வகை? பின்சக்கரத்தைக் கழற்றி, பற்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் கருவி மாட்டும் பள்ளங்களும் கூடவே சுற்றினால் கேசட். அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

டயர் அளவு

26 அங்குலம் என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 26 × 1.95 டயருக்கான ரிம்மில் 26 × 1⅜ பொருந்தாது. டயரின் பக்கவாட்டில் 559, 590 என்று மூன்றிலக்க எண் இருக்கும். அதைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நெருஞ்சி முள் நம் ஊரில் எங்கும் உண்டு என்பதால், முள் தாங்கும் பட்டை உள்ளே வைத்த டயருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். பஞ்சரானால் ட்யூபை மட்டும் மாற்றிவிட்டு, டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காதவர் சற்றுத் தூரத்திலேயே மறுபடி இறங்குவார்.

மலிவு சஸ்பென்ஷன்

எடைதான் கூடும்.

மெத்தை சீட்

வாங்கும் முன், முதலில் இருக்கிற சீட்டின் உயரத்தைச் சரிசெய்யுங்கள்.

தேய்ந்த செயின்

செயின் கண்ணிகளை இணைக்கும் ஊசிகளில் ஒன்றின் நடுவில் அளவுகோலின் சுழியை வையுங்கள். அதிலிருந்து 24-ஆவது ஊசி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் மாற்றுங்கள். பல்லடம் பக்கம் ஆடிக் காற்றுப் புழுதியில் ஓடும் வண்டியை அடிக்கடி அளக்க வேண்டும். 1/8 வரை விட்டால் ஃப்ரீவீலின் பற்களும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் அதன்மேல் வழுக்கும், இரண்டையும் சேர்த்து வாங்க நேரிடும்.