போதையால் தவிக்கும் குடும்பம் உதவி தேடும் முறை

வீட்டில் ஒருவர் போதைக்கு அடிமையானால், கடன் வாங்கித் தனியார் மையத்தில் சேர்க்குமுன், மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் அளித்து நடத்தச் செய்யும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களை விசாரியுங்கள். அங்கே சிகிச்சை இலவசம்.

14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து, மாவட்டத்தைச் சொல்லி, அருகிலுள்ள மானிய மையம் எது என்று கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவரே பேச வேண்டியதில்லை. தாயோ மனைவியோ அழைக்கலாம். எந்தப் பொருள், எத்தனை ஆண்டுகளாக, கடைசியாக எப்போது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், பதற்றத்தில் எதுவும் விட்டுப்போகாது.

நேரில் போகும்போது, குடும்பத்தினருக்குத் தனி ஆலோசனை உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். பலர் கேட்கத் தவறுவது இதைத்தான். சென்னையில் 1980-இல் தொடங்கப்பட்ட டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடும்பத்தினருக்கெனவே ஒரு சிகிச்சைத் திட்டத்தை நடத்துகிறது.

சிக்கல் மதுவென்றால், குடிப்பவரின் உறவினர்களுக்கான அல்-அனான் குழுக்களும் உண்டு. அவை வெளியாரிடம் நன்கொடை பெறாமல், கூட்டத்தில் உறுப்பினர்கள் விரும்பி இடும் தொகையிலேயே நடப்பதால், வெறுங்கையுடனும் தயங்காமல் போகலாம்.