ஒரு வரியில் கடைசியாக வரும் எண்ணை மட்டும் ரெஜெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் குறியீடு) கொண்டு எடுப்பது

வரி இது என்று வையுங்கள்: «ஆர்டர் 118, அறை 42, தொகை 3560 ரூபாய்». நமக்கு வேண்டியது 3560.

`[0-9]+` (ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட இலக்கங்கள்) என்று தேடினால் 118 தான் வரும். தேடல் இடமிருந்து தொடங்கி முதல் பொருத்தத்தோடு நின்றுவிடும். உடனே பலரும் எழுதுவது `.*([0-9]+)`. குழுவில், அதாவது அடைப்புக்குள், கிடைப்பதோ வெறும் 0! `.*` (எந்த எழுத்தும், எத்தனை முறையும்) பேராசைக்காரன்: முழு வரியையும் விழுங்கிவிட்டு, பின்னால் ஒவ்வோர் எழுத்தாகத்தான் விட்டுக்கொடுக்கும். ஓர் இலக்கம் கிடைத்ததுமே `+` திருப்தி அடைந்துவிடும்.

எண்ணுக்கு முன்னால் இலக்கமல்லாத ஓர் எழுத்தைக் கட்டாயமாக்குங்கள்:

`^(?:.*[^0-9])?([0-9]+)`

முதல் அடைப்பு மூடிய பின் வரும் கேள்விக்குறியை விட்டுவிடாதீர்கள். வரி எண்ணிலேயே தொடங்கி, அதுவே ஒரே எண்ணாகவும் இருந்தால் அதுதான் காப்பாற்றும். செட் (sed) கட்டளையில் `?:` (இதைக் குழுவாகச் சேமிக்காதே என்று பொருள்) கிடையாது, `-E` கொடுத்து வெறும் அடைப்பு போட்டு இரண்டாவது குழுவை எடுங்கள்.

குழுவே வேண்டாம் என்றால்:

`[0-9]+(?!.*[0-9])`

‘இதற்குப் பின் இலக்கமே இல்லை’ என்பது பொருள். படிக்க அழகு, ஆனால் கோ (Go) நிரல் மொழியின் ரெஜெக்ஸில் ஓடாது, மிக நீண்ட வரிகளில் மந்தமாகும்.

பல வரிகள் இருந்தால் புள்ளி வரிமுறிவைத் தாண்டாது. இந்த வடிவம் முதல் வரியின் கடைசி எண்ணைத் தந்து ஏமாற்றும். புள்ளி வரிமுறிவையும் தாண்டச் செய்யும் டாட்ஆல் (DOTALL) கொடியைப் போடுங்கள்.

தொகை 3,560.50 என்றிருந்தால் 50 மட்டுமே வரும். எண் பகுதியை `[0-9][0-9.,]*` என்று மாற்றி, `(?!` உள்ள வடிவத்தில் பொருத்துங்கள்.

பைத்தானில் எல்லாப் பொருத்தங்களையும் பட்டியலாகத் தரும் ஃபைண்ட்ஆல் (findall) போட்டு கடைசி உறுப்பை எடுப்பதே தெளிவான வழி. பட்டியல் காலியா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.