கூண்டு வண்டிக் கதை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

காமிக்ஸ் படித்து வளர்ந்த ஊர் இது. வெஸ்டர்ன் கதை எழுதும் ஆசை அவ்வளவு சீக்கிரம் போகாது. அண்மையில் படிக்கக் கிடைத்த பிரதிகளில் பல, ஒரேகான் பாதையில், அதாவது 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மிசௌரியிலிருந்து மேற்கே ஒரேகானுக்குப் போன வண்டிப் பாதையில், குடியேறப் போன குடும்பங்களைப் பற்றியவை. எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் இவற்றிலும் இருக்கின்றன. 1850-இல் கலிபோர்னியாவுக்கு ரயில் விடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அதை யாராவது கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள்.

வண்டியில் குதிரையைப் பூட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பெரும்பாலான குடும்பங்கள் எருதுகளைத்தான் பூட்டின, ஒரு வண்டிக்கு இரண்டு அல்லது மூன்று ஜோடி. கோவேறு கழுதை வைத்திருந்தவர்களும் உண்டு. குதிரையைவிட எருது மலிவு. வழியில் கிடைக்கும் புல்லை மேய்ந்தே தாக்குப்பிடிக்கும். நம்மூர் வண்டிக்காரர் போல முன்னால் உட்கார்ந்து கயிற்றைப் பிடிக்கும் வேலையும் இல்லை. ஓட்டுபவர் சாட்டையோடு மாடுகளின் இடப்பக்கமாக நடந்துகொண்டே அதட்டுவார்.

“குதிரையா எருதா என்று வாசகர் பார்க்கவா போகிறார்?” என்று ஒரு இளைஞர் கேட்டார். படத்தோடு போகிற விஷயம் என்றால் சரி, விட்டுவிடலாம். அவருடைய கதையில் குடும்பம் ஜூன் கடைசியில் கிளம்பி, நாலுகால் பாய்ச்சலில் ஆகஸ்டில் ஒரேகான் சேர்ந்துவிட்டது. எருது மணிக்கு 2 மைல் நடக்கும். ஒரு நாளில் 15 மைல் போனால் நல்ல நாள். மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து ஒரேகான் சுமார் 2,000 மைல். நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும்.

கதையே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. புல் முளைக்கும் முன் கிளம்பினால் மாடு பட்டினி. தாமதித்தால் மலையில் பனி. ஜூலை 4 வாக்கில் வயோமிங்கின் இண்டிபெண்டன்ஸ் பாறையைத் தொட்டால்தான் நிம்மதி. 1846-இல் கலிபோர்னியாவுக்குக் கிளம்பிய டானர் குழுவின் 87 பேர் ஒரு குறுக்குவழியை நம்பினார்கள். அது நாட்களைத் தின்றது. சியரா நெவாடாவில் பனி மறித்து, ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோனார்கள். எருதின் நடையை எடுத்துவிட்டால் இந்தப் பயத்துக்கே இடமில்லை. இளைஞர் அதை ஒப்புக்கொண்டபோது படங்கள் வரைந்து முடிந்திருந்தன. பாதிப் பக்கங்கள் குப்பைக்குப் போயின; ஓவியருக்கு இரண்டாம் முறை கூலி.

குடும்பமே வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது

நடந்தார்கள், பிள்ளைகள் உட்பட.

எல்லாச் சாமானையும் ஏற்றுவது

வண்டிப்பெட்டி சுமார் 10 அடி நீளம், 4 அடி அகலம். ஸ்பிரிங் கிடையாது. பெரியவர் ஒருவருக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு உப்பிட்ட பன்றிக்கறி என்று அந்தக் கால வழிகாட்டிகள் சொல்லின. நாலு பேர் சாப்பாட்டிலேயே வண்டி நிறைந்துவிடும், அப்புறம் பாட்டியின் அலமாரிக்கு இடமேது? 1849-இல் பாதை வழியில் இருந்த லாரமி கோட்டைப் பக்கம் இரும்பு அடுப்புகளும் பன்றிக்கறியும் பாதையோரம் குவிந்து கிடந்தன. பாரம் தாங்காமல் மக்கள் வீசிவிட்டுப் போனவை.

ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு தாக்குதல்

1840 முதல் 1860 வரை பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட பயணிகள் 400 பேருக்கும் குறைவு என்பது வரலாற்று ஆய்வில் கிடைக்கும் கணக்கு. பயணிகள் கொன்ற பூர்வகுடிகள் அதைவிடச் சற்று அதிகம். ஆறு கடக்க உதவியதும், வழி காட்டியதும், உணவு விற்றதும் பல இடங்களில் பூர்வகுடிகளே. பயணிகளை ஆயிரக்கணக்கில் கொன்றது காலரா, முக்கியமாக 1849-இலிருந்து சில ஆண்டுகள். காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் போய்விடுவார். சக்கரத்தில் சிக்கிய குழந்தைகள், ஆற்றோடு போனவர்கள், தன் துப்பாக்கியே வெடித்துச் செத்தவர்கள் என்று மிச்சமும் நிறைய.

போய்ச் சேர்ந்த இடத்தையும் காலியான பூமியாக எழுதாதீர்கள். 1850-இன் நிலச் சட்டம் திருமணமான வெள்ளைத் தம்பதிக்கு ஒரேகானில் 640 ஏக்கர் வரை கொடுத்தது. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த மக்களோடு நில ஒப்பந்தங்கள் முடியும் முன்பே கொடுத்தது.

இரவில் வண்டிகளை வட்டமாக நிறுத்துவது

நிறுத்தியது உண்மைதான். ஆனால் தாக்குதலைத் தடுக்க என்பதைவிட, பெரும்பாலும் மாடு ஓடிவிடாமல் இருக்கத்தான்.