‘நன்று’ என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள்

அருங்காட்சியகப் பதிவேட்டைத் திறந்தால் பாதிச் சிலைகளுக்கு எதிரே ‘நன்று’ என்று ஒற்றைச் சொல்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பத்து வருடம் கழித்து வேறொருவர் அதே சிலையை எடுத்துப் பார்த்து, இந்த விரல் அப்போதே உடைந்திருந்ததா, இடையில் போனதா என்று சொல்ல முடிய வேண்டும். சிலை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று விவரமாக எழுதி வைக்கும் நிலை அறிக்கை அதற்குத்தான். செப்புத் திருமேனியை, அதாவது வெண்கலச் சாமி சிலையை, வைத்துச் சொல்கிறேன்.

முதலில் மோதிரம், கைக்கடிகாரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றுங்கள். கையுறை கட்டாயம், வியர்வை உப்பு செம்பை அரிக்கும். நம் ஊர்ச் சிலைகள் பெரும்பாலும் கனவார்ப்பு, உள்ளே வெற்றிடம் இருக்காது, பார்ப்பதைவிட எடை அதிகம். அதனால் சிலையைச் சுற்றியுள்ள வளைவான திருவாசியையோ கையையோ பிடித்துத் தூக்காமல் பீடத்துக்கு அடியில் இரண்டு கையும் கொடுத்து, தடித்த துணி விரித்த மேசையில் வையுங்கள். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும், பேனா வேண்டாம்.

மேலிருந்து கீழே, அப்புறம் முதுகுப்பக்கம், கடைசியாகப் பீடத்தின் அடி என்று ஒரே வரிசையில் பாருங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கீறலும் விரிசலும் நிழல் விட்டுத் தெரியும். இடது வலது எழுதும்போது எப்போதும் சிலையின் இடது வலதுதான்: நடராசர் தீ ஏந்தியிருப்பது இடக்கை, எதிரே நிற்கும் நமக்கு அது வலப்பக்கம். இதில் குழம்பாதவர்களை நான் பார்த்ததில்லை.

உடைந்த இடம் பளிச்சென்று உலோக நிறத்தில் இருந்தால் சேதம் புதியது, கருத்துப் போயிருந்தால் பழையது. வார்ப்பிலேயே விழுந்த சிறு துளை சேதம் இல்லை, ஆனாலும் எழுதுங்கள். அபிஷேகத்தில் தேய்ந்து மழுங்கிய முகம், இடுக்கில் காய்ந்த சந்தனம் எல்லாம் அந்தச் சிலையின் சரித்திரம், சுரண்டக் கூடாது.

இனி களிம்பு, அதாவது செம்பின் மேல் பிடிக்கும் பச்சைப் படிவு. வழவழப்பாக, கெட்டியாக, கரும்பச்சையாக ஒட்டியிருக்கும் களிம்பு பெரும்பாலும் சிலைக்குக் காவல், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். வெளிர்பச்சையில் புள்ளிபுள்ளியாக, தொட்டால் மாவாக உதிர்வதுதான் ஆபத்து. மண்ணில் கிடந்த காலத்தில் உள்ளே புகுந்த குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். இதை வெண்கல நோய் என்பார்கள், ஆனால் கிருமி எதுவும் கிடையாது. எந்த இடம், எத்தனை மில்லிமீட்டர், கீழே பொடி உதிர்ந்திருக்கிறதா என்று எழுதி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டிக்கு மாற்றி, ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்து, பழம்பொருள்களைச் சிதையாமல் காக்கும் பாதுகாப்பு வேதியியலாளருக்குச் சொல்லுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களிலேயே இப்படிப்பட்ட சிலைகளுக்கு மின்சாரம் செலுத்தும் மின்பகுப்பு முறையில் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்; அது வேதியியலாளர்கள் வேலை. வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், தயவுசெய்து.

படம் எடுக்கும்போது நான்கு பக்கமும் பீடத்தின் அடியும், பிறகு ஒவ்வொரு காயமும் கிட்டத்தில், அளவுகோலும் பதிவு எண்ணும் தெரியும்படி. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததற்கு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் பெரிய சாட்சி. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு சிலைகளைப் பிரித்துக் காட்டுவது வார்ப்புக் குறையும் உடைசலும்தான்.

கடைசியில் தேதி, பெயர், கையெழுத்து. அடுத்த முறை பார்க்கும்போது பழைய அறிக்கையில் அடித்துத் திருத்தாமல் புதிதாக ஒன்று எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.