சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ஆன்டிபயாடிக்: என் பழைய தவறுகள், உங்கள் புதிய கையெழுத்தில்

போன வாரம் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டியபோது, ஒரு பயிற்சி மருத்துவரின் கையெழுத்தில் என் பழைய தவறு அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒவ்வாமை கேட்க மறப்பதைப் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதை நர்ஸே பிடித்துவிடுவார்.

முதல் டோஸிலேயே கை வைப்பது

வேலூரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், குடியாத்தத்திலிருந்து பீடி சுற்றும் அம்மா ஒருவரை நள்ளிரவில் கொண்டுவந்தார்கள். வயது 65, எடை 45 கிலோ. சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவியிருந்தது. தசையில் உருவாகி சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 3.4, அதாவது சிறுநீரகம் தளர்ந்திருந்தது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு டோஸ் குறைக்கும் அட்டவணையைப் பார்த்து, முதல் ஊசியிலிருந்தே மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்கைப் பாதியாக்கி 500 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதினேன். கணக்குப் போட்டு எழுதிய பெருமை வேறு. இரண்டு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. ரத்த அழுத்தம்தான் இறங்கியது. ரவுண்ட்ஸில் மூத்த மருத்துவர் கேட்டார்: "சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது, சரி. கிருமியும் தளர்ந்திருக்கிறதா?"

நம் வேலூர்க் கோட்டை அகழியை நிரப்ப எவ்வளவு தண்ணீர் வேண்டும்? அதை அகழியின் அகலமும் ஆழமும்தான் சொல்லும், வடிகால் சொல்லாது. உடம்பு அகழி என்றால் சிறுநீரகம் வடிகால். அட்டவணை பேசுவது வடிகாலைப் பற்றி. தொற்று முற்றியவருக்கு ரத்தக் குழாய்கள் கசிகின்றன, நாமும் சலைன் ஏற்றுகிறோம். அகழி இன்னும் அகலமாகிறது. ஆகவே முதல் டோஸ் முழு டோஸ். அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் அதுதான், அடுத்த ஊசிக்கான இடைவெளியைத்தான் நீட்ட வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. அந்த 3.4 பெரும்பாலும் நீர் வறட்சியால் வந்தது. சலைன் ஏறியதும் மூன்றாம் நாள் 1.3 ஆனது. நானோ எழுதிய டோஸைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மெரோபெனம் போன்ற மருந்தை முதல் 48 மணி நேரத்தில் அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். அந்த அம்மா பிழைத்தார். ஐசியூ செலவுக்குக் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போனது. "கிட்னி கேஸ் சார், அதனால் பாதி போட்டேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

"நார்மல்" கிரியேட்டினினை நம்புவது

78 வயது, 40 கிலோ பாட்டி, கிரியேட்டினின் 1.2. வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டால், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 24 மி.லி.தான். தசையே இல்லாத உடம்பில் கிரியேட்டினின் எங்கிருந்து வரும்?

எல்லாவற்றையும் குறைப்பது

உண்ணிக் காய்ச்சலுக்கான டாக்சிசைக்ளினைக் குறைக்க வேண்டியதில்லை. செஃப்ட்ரியாக்சோனும் வழக்கமான அளவிலேயே போகலாம்.

டயாலிசிஸ் நாள்

மெரோபெனம் டயாலிசிஸ் முடிந்த பிறகு. முன்னால் அல்ல, போட்ட மருந்தும் கழுவிக்கொண்டு போய்விடும்.

பிறகு குறைக்கவே மறப்பது

சிறுநீரகம் மீளாத நிலையில் செஃபெபிம் என்ற ஆன்டிபயாடிக் நான்காம் நாளும் முழு அளவில் ஓடினால் நோயாளி பிதற்றலாம், கை கால் துள்ளலாம். தலைக்கு ஸ்கேன் எழுதுமுன் மருந்துப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.