பழைய டென்னிஸ் வீரரின் ஆட்டக் கணக்கைத் தொகுப்பது எப்படி: ஆந்தனி வைல்டிங்கை வைத்து ஒரு வழிகாட்டி

நியூசிலாந்துக்காரர் ஆந்தனி வைல்டிங் 1910 முதல் 1913 வரை தொடர்ந்து நான்கு முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றார். இதை இப்படியே எழுதினால், நான்கு ஆண்டும் முதல் சுற்றிலிருந்து ஆடி ஜெயித்தார் என்றுதான் இன்றைய வாசகர் நினைப்பார். 1911, 1912, 1913 மூன்று ஆண்டிலும் ஒற்றையரில் அவர் ஆடியது ஆண்டுக்கு ஒரே ஓர் ஆட்டம். அப்போது முந்தைய ஆண்டின் சாம்பியன் காத்திருப்பார். மற்றவர்கள் தங்களுக்குள் மோதி, கடைசியில் நிற்பவர் அவரைச் சவாலுக்கு அழைப்பார். விம்பிள்டனில் இந்த முறை 1922-ல்தான் ஒழிந்தது. அதனால் கோப்பைகளை எண்ணும் முன் ஆட்டங்களை எண்ணுங்கள்.

ஓர் எக்செல் தாளில் எட்டுப் பத்தி (column) போதும்: தேதி, போட்டி, ஊர், தரை, சுற்று, எதிராளி, ஸ்கோர், எந்த நாளிதழ் எந்த நாள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு வரி. சுற்றுப் பத்தியில் ‘இறுதி’ என்று மட்டும் போடாதீர்கள். ‘சவாலர் இறுதி’ (சவால் விடுபவர் யார் என்று முடிவாகும் ஆட்டம்), ‘சவால் சுற்று’ (அவர் சாம்பியனோடு மோதும் ஆட்டம்) என்று பிரித்துப் போடுங்கள். 1910-ல் வைல்டிங்குக்கு இரண்டு வரியும் வரும்: முதலில் பீல்ஸ் ரைட், அப்புறம் சாம்பியன் ஆர்தர் கோர். பிரிக்காவிட்டால் ஒரே ஆண்டில் இரண்டு இறுதி ஆட்டம் நிற்கும்.

தரைப் பத்தியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 1913, 1914-ல் அவர் பாரிசில் வென்ற போட்டியின் பெயர் உலக ஹார்ட் கோர்ட் சாம்பியன்ஷிப். பெயரைப் பார்த்து சிமென்ட் தரை என்று எழுதிவிடுவார்கள். அன்று புல் இல்லாத திறந்தவெளித் தரைக்கெல்லாம் அந்தப் பெயர்தான். பாரிசில் இருந்தது களிமண். இந்தப் போட்டியைப் பிரெஞ்சு சாம்பியன்ஷிப்போடும் சேர்க்கக்கூடாது. அது 1924 வரை பிரெஞ்சுக் கிளப் உறுப்பினர்களுக்கு மட்டுமானது. நான்கு பெரிய போட்டிகளைச் சேர்த்து எண்ணும் ‘கிராண்ட் ஸ்லாம்’ எண்ணிக்கையும் அவர் காலத்தில் கிடையாது. பின்னால் வந்த அளவுகோல் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டு எழுதலாம்.

ஸ்கோர் எடுக்க நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், ஆஸ்திரேலியாவின் ட்ரோவ் என்ற இரண்டு நாளிதழ்ச் சேமிப்பும் இலவசம். ஒரே ஆட்டம் அங்கே இரண்டு முறை வரும். தந்தியில் வந்த இரண்டு வரி ஓரிரு நாளில் அச்சாகியிருக்கும்; கப்பல் தபாலில் வந்த விரிவான செய்தி ஒன்றரை மாதம் கழித்து. தந்திச் செய்தியில் எண்கள் புரண்டிருக்க வாய்ப்பு அதிகம், இரண்டும் முரண்பட்டால் தபால் செய்தியை நம்புங்கள். தேடும்போது தேதி எல்லையை இரண்டு மாதம் தள்ளி வையுங்கள். அச்சுப் பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளான எழுத்துணரி (OCR) 8-ஐ 3 என்றும் 6-ஐ 5 என்றும் படிக்கலாம். பக்கத்தின் படத்தைத் திறந்து கண்ணால் பார்க்காமல் எண்ணை ஏற்றாதீர்கள்.

பிறகு கணக்குச் சோதனை. 6-6 ஆனதும் ஒரே கேமில் செட்டை முடிக்கும் டைபிரேக்கர் இல்லாத காலம். முடிந்த செட் எதிலும் குறைந்தது இரண்டு கேம் இடைவெளி இருக்கவேண்டும். 7-6 வந்தால் எங்கோ பிழை. 10-8 சரிதான்: 1913 சவால் சுற்றில் மெக்லாக்லினை அவர் வென்றது 8-6, 6-3, 10-8. ஆனால் 1911 ஸ்கோரைப் பாருங்கள்: 6-4, 4-6, 2-6, 6-2. ஆளுக்கு இரண்டு செட், கேம்களைக் கூட்டினாலும் 18-18. எதிராளி ரோப்பர் பாரெட் அத்தோடு விலகிவிட்டார். ‘விலகல்’ என்ற குறிப்பை விட்டுவிட்டால் உங்கள் தாளில் சாம்பியனே இருக்கமாட்டார்.

சிறிய ஊர்ப் போட்டிச் செய்திகளில் ‘ஹேண்டிகேப்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பலமானவர் மைனஸ் புள்ளியிலிருந்து தொடங்கும் ஆட்டம் அது; பட்டக் கணக்கில் சேராது.

பெயர்களில் முதலெழுத்து முக்கியம். ஆர். எஃப். டோஹர்ட்டி, எச். எல். டோஹர்ட்டி இருவரும் அண்ணன் தம்பி, இருவருமே விம்பிள்டன் சாம்பியன்கள். பெண்களுக்கு மணமான ஆண்டையும் குறித்துவையுங்கள்: டோரத்தியா டக்லஸும் லாம்பர்ட் சேம்பர்ஸும் ஒருவரே. பெயர் மாறியது தெரியாவிட்டால் அவருடைய ஏழு விம்பிள்டன் பட்டம் மூன்றும் நான்குமாக உடைந்துபோகும்.

நாடுகளின் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பையில் வைல்டிங் ஆடிய அணி ஆஸ்ட்ரலேசியா, அதாவது ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்தது. 1907, 1908, 1909, 1914-ல் கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார். இங்கே ஆஸ்திரேலியக் கொடியை ஒட்டாதீர்கள். 1912 ஒலிம்பிக் உள்ளரங்க வெண்கலத்துக்கும் இதே விதி. போட்டியின் ஆண்டும் ஆடிய ஆண்டும் வேறாகலாம்: 1911 கோப்பையின் சவால் சுற்று நடந்தது 1912 ஜனவரியில், கிறைஸ்ட்சர்ச்சில். அதில் வைல்டிங் ஆடவில்லை.

‘உலகின் முதல் இடம்’ என்று எழுதினால் யார் கொடுத்த இடம் என்பதையும் எழுதுங்கள். கணினித் தரவரிசை 1973-ல்தான் வந்தது, அதற்கு முன் இருந்தவை பெரும்பாலும் பத்திரிகையாளர்களின் சொந்தப் பட்டியல்.

கடைசியாகப் போர்க்கால வெற்றிடம். விம்பிள்டன் 1915 முதல் 1918 வரை நடக்கவில்லை. ஆஸ்ட்ரலேசிய சாம்பியன்ஷிப் 1915-ல் நடந்து, அடுத்த மூன்று ஆண்டு நின்றது. அமெரிக்கப் போட்டி நிற்கவே இல்லை. எனவே கட்டத்தைக் காலியாக விடாமல் ‘நடக்கவில்லை’, ‘ஆடவில்லை’ என்று பிரித்து எழுதுங்கள். 1914-ல் வைல்டிங்கிடமிருந்து பட்டத்தைப் பறித்த நார்மன் புரூக்ஸுக்கு இந்தப் பிரிப்பு 1918 வரை வேண்டும். வைல்டிங்குக்கு 1915 மே 9 என்று தேதி போட்டு, பிரான்சில் நவ் ஷாப்பெல் அருகே போரில் இறந்தார் என்று எழுதித் தாளை மூடிவிடலாம். வயது 31.